வங்கி நெருக்கடியை முன்கூட்டியே கணிப்பது எப்படி? பொருளாதாரத்தையும் அரசியலையும் சேர்த்துப் படிக்கும் வழிகாட்டி

2001 பிப்ரவரி 19, துருக்கியின் தலைநகர் அங்காரா. தேசியப் பாதுகாப்புக் குழுக் கூட்டத்தில், ஊழல் விசாரணை தொடர்பாக அதிபர் அகமது நெஜ்தெத் செசெருக்கும் பிரதமர் புலந்த் எஜெவித்துக்கும் வாக்குவாதம் முற்றியது. அதிபர் அரசியல் சாசனப் புத்தகத்தைத் தூக்கி வீசினார். பிரதமர் எழுந்து வெளியே வந்து, காத்திருந்த செய்தியாளர்களிடம் விஷயத்தைப் போட்டு உடைத்தார். இரண்டே நாளில், வங்கிகள் ஒன்றுக்கொன்று கொடுக்கும் ஓரிரவுக் கடனின் வட்டி ஆண்டுக்குப் பல ஆயிரம் சதவீதம் என்ற அளவுக்கு எகிறியது. 22ஆம் தேதி, துருக்கி நாணயமான லிராவின் மதிப்பைத் தாங்கிப் பிடிக்கும் முயற்சியை அரசு கைவிட்டது.

அறைக்குள் நடந்த ஒரு சண்டையா வங்கிகளைக் கவிழ்த்தது? அதற்கு முன்பே அங்கே என்ன குவிந்து கிடந்தது என்று பாருங்கள். விவசாயிகளுக்கும் சிறு வணிகர்களுக்கும் மலிவு வட்டியில் கடன் கொடுக்கச் சொல்லி அரசு வங்கிகளுக்கு உத்தரவு போட்ட அரசு, அதனால் வந்த நஷ்டத்தை ஆண்டுக்கணக்கில் ஈடுசெய்யவில்லை. அந்த ஓட்டையை அவ்வங்கிகள் தினம் தினம் ஓரிரவுக் கடன் வாங்கி அடைத்து வந்தன. தனியார் வங்கிகளோ குறுகிய காலக் கடன் வாங்கி அரசுப் பத்திரங்களில் போட்டிருந்தன. அப்படிச் செய்த டெமிர்பேங்க் 2000 டிசம்பரிலேயே விழுந்து, அரசின் கைக்குப் போயிருந்தது. காய்ந்த விறகு முழுதும் கணக்குப் புத்தகங்களில் இருந்தது. தீக்குச்சி அரசியலிலிருந்து வந்தது. விறகைக் குவித்ததிலும் அரசியலுக்குப் பெரிய பங்கு உண்டு என்பதுதான் நான் இந்த வழிகாட்டி முழுக்கச் சொல்லப்போவது. நெருக்கடி வரும் தேதியை யாராலும் சொல்ல முடியாது. எந்த நாட்டில் அபாயம் கூடியிருக்கிறது என்பதைச் சொல்லலாம், ஓரளவு நன்றாகவே சொல்லலாம்.

படி 1: எதை நெருக்கடி என்று எண்ணப்போகிறீர்கள்?

ஒரு வங்கி மூழ்கினால் அது செய்தி. ஒரு நாட்டின் வங்கி அமைப்பே ஆடினால்தான் நாம் தேடும் நெருக்கடி. லேவன், வலென்சியா என்ற இரண்டு பொருளாதார வல்லுநர்கள் சர்வதேச நாணய நிதியத்தில் உருவாக்கிய தரவுத்தளம் இதற்கு நல்ல தொடக்கம். அவர்கள் இரண்டு நிபந்தனை வைக்கிறார்கள். ஒன்று, டெபாசிட்தாரர்கள் பணத்தை எடுக்க ஓடுவது, பெரும் நஷ்டம், வங்கிகள் மூடப்படுவது போன்ற தெளிவான அறிகுறிகள் இருக்கவேண்டும். இரண்டு, அரசோ மத்திய வங்கியோ பெரிய அளவில் தலையிட்டிருக்கவேண்டும். இந்த அளவுகோலின்படி 1970 முதல் 2017 வரை 151 நெருக்கடிகள் நடந்திருக்கின்றன.

நீங்கள் கணிக்கவேண்டியது "இந்த ஆண்டு நெருக்கடியா?" என்பதை அல்ல, "அடுத்த 1 முதல் 3 ஆண்டுக்குள் தொடங்குமா?" என்பதை. தொடங்கியபின் வரும் ஆண்டுகளைத் தரவிலிருந்து எடுத்துவிடுங்கள். நெருக்கடிக்குப் பிறகு கடன் சுருங்கும், வளர்ச்சி விழும். அந்த ஆண்டுகளையும் "அமைதியான காலம்" என்று சேர்த்துவிட்டால், நோய் வருமுன் இருந்த உடம்பையும் நோயில் படுத்த உடம்பையும் கலந்து பார்ப்பதுபோல ஆகிவிடும்.

படி 2: கடன் எவ்வளவு வேகமாக வளர்கிறது?

ஒரே ஒரு எண்ணைத்தான் பார்க்க முடியும் என்றால், நான் இதைத்தான் பார்ப்பேன். 14 வளர்ந்த நாடுகளின் 1870 முதல் 2008 வரையிலான தரவை வைத்துச் செய்த ஆய்வில், நெருக்கடிக்கு முன்னறிவிப்பாக மிக நம்பகமாக நின்றது முந்தைய சில ஆண்டுகளின் கடன் வளர்ச்சிதான். அந்தத் தரவு இப்போது 18 நாடுகளுக்கு விரிந்து, மேக்ரோஹிஸ்டரி தரவுத்தளம் என்ற பெயரில் இலவசமாகக் கிடைக்கிறது.

அளக்கும் முறை இது. வீடுகளும் நிறுவனங்களும் வாங்கிய மொத்தக் கடனை ஜிடிபியால் வகுத்து ஒரு விகிதம் எடுங்கள். அந்த விகிதத்தின் நீண்டகாலப் போக்கைக் கண்டுபிடியுங்கள். இன்றைய விகிதம் போக்கைவிட எத்தனை புள்ளி மேலே நிற்கிறதோ, அதுவே கடன் இடைவெளி. போக்கைப் பிரித்தெடுக்க, ஏற்ற இறக்கங்களைச் சமன்செய்து நீண்டகாலப் போக்கை மட்டும் காட்டும் ஹாட்ரிக்-பிரெஸ்காட் வடிகட்டி என்ற புள்ளியியல் முறையைப் பயன்படுத்துவது வழக்கம். காலாண்டுத் தரவுக்கு அதன் சமன்செய்யும் எண்ணை 4,00,000 என்று வைக்கச் சொல்கிறது, வங்கிகளுக்கான உலகளாவிய விதிகளை வகுக்கும் பேசல் குழு. நீங்களே கணக்குப் போட நேரமில்லையா? பேசல் நகரிலுள்ள பன்னாட்டுத் தீர்வு வங்கி, 40க்கும் மேற்பட்ட நாடுகளுக்கு இந்த எண்ணைக் கணக்கிட்டு வெளியிடுகிறது.

ஒரு கற்பனை நாட்டை வைத்துப் பார்ப்போம். ஐந்தாண்டுக்கு முன் கடன் ஜிடிபியில் 60 சதவீதம். இன்று 90. போக்கு 78 என்று வருகிறது. இடைவெளி 12 புள்ளி. அதே பேசல் குழு வகுத்த பேசல் 3 விதிகளின் வழிகாட்டுதல்படி, இடைவெளி 2 புள்ளியைத் தாண்டும்போது வங்கிகள் கூடுதல் மூலதனம் ஒதுக்கத் தொடங்கவேண்டும். 10 புள்ளியைத் தொட்டால் அந்த ஒதுக்கீடு உச்சவரம்பான 2.5 சதவீதத்துக்குப் போகும். இது இடர்நிறை கொடுத்த சொத்துகளின் மேல், அதாவது ஒவ்வொரு சொத்தையும் அதன் அபாயத்துக்கு ஏற்பக் கூட்டிக் குறைத்து எண்ணிய மதிப்பின் மேல், கணக்கிடப்படும் சதவீதம். நம் கற்பனை நாடு எல்லையைத் தாண்டியாகிவிட்டது.

இங்கே ஒரு பொறி இருக்கிறது, நானும் அதில் விழுந்திருக்கிறேன். போக்கைக் கணக்கிடும்போது முழுத் தரவையும் ஒரே மூச்சில் வடிகட்டியில் போட்டால், 2005ஆம் ஆண்டின் போக்கைத் தீர்மானிப்பதில் 2010ஆம் ஆண்டின் எண்ணும் பங்கெடுத்துவிடும். முடிவு பிரமாதமாக வரும். ஆனால் அன்று உட்கார்ந்து கணித்தவருக்கு 2010 எப்படித் தெரியும்? ஒவ்வொரு காலாண்டுக்கும் அதுவரை கிடைத்த தரவை மட்டும் வைத்துப் போக்கை எடுங்கள். பிற்பாடு திருத்தப்பட்ட ஜிடிபி எண்களிலும் இதே சிக்கல் உண்டு.

படி 3: அந்தக் கடன் எங்கே போகிறது, எங்கிருந்து வருகிறது?

கடன் வளர்வது எப்போதும் கெடுதல் என்று சொல்ல முடியாது. ஏழை நாட்டில் வங்கிச் சேவை பரவும்போதும் கடன் வளரும். கடனோடு சேர்ந்து சொத்து விலையும் ஏறுகிறதா என்று பார்த்தால் இரண்டையும் பிரித்துவிடலாம். 1950 முதல் 2016 வரை 42 நாடுகளை வைத்துச் செய்த ஓர் ஆய்வு சொல்வது இது. மூன்றாண்டில் வீட்டுக் கடனும் வீட்டு விலையும் சேர்ந்து வேகமாக ஏறினாலோ, நிறுவனக் கடனும் பங்கு விலையும் சேர்ந்து ஏறினாலோ, அடுத்த மூன்றாண்டுக்குள் நெருக்கடி தொடங்கும் வாய்ப்பு சுமார் 40 சதவீதம். சாதாரண காலத்தில் அது சுமார் 7 சதவீதம்தான்.

கடன் கொடுக்க வங்கிக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்பது அடுத்த கேள்வி. உள்நாட்டு டெபாசிட் பொதுவாக மெதுவாக நகரும். வெளிநாட்டிலிருந்து குறுகிய காலத்துக்கு வாங்கிய டாலர் ஒரே வாரத்தில் ஓடிவிடும். அதனால் வங்கிகளின் கடனுக்கும் டெபாசிட்டுக்கும் உள்ள விகிதம், நடப்புக் கணக்குப் பற்றாக்குறை (வெளிநாடுகளிலிருந்து நாடு ஈட்டுவதைவிட அங்கே செலுத்துவது எவ்வளவு அதிகம் என்பது), ஓராண்டுக்குள் கட்டவேண்டிய வெளிநாட்டுக் கடனுக்கு எதிரே இருக்கும் அந்நியச் செலாவணிக் கையிருப்பு, இந்த மூன்றையும் எழுதி வையுங்கள். கையிருப்பு அந்தக் கடனைவிடக் குறைவாக இருந்தால் உடனே கவனியுங்கள். 2008 அக்டோபரில் ஐஸ்லாந்தின் மூன்று பெரிய வங்கிகளும் ஒரே வாரத்தில் விழுந்தபோது, அவற்றின் சொத்து அந்நாட்டு ஜிடிபியைப்போலச் சுமார் 10 மடங்கு. காப்பாற்ற நினைத்தாலும் மத்திய வங்கியின் கையில் அவ்வளவு வெளிநாட்டுப் பணம் கிடையாது.

வெளியிடப்படும் கையிருப்பை அப்படியே நம்பவும் வேண்டாம். 1997 ஜூலை 2 அன்று தாய்லாந்து தன் நாணயமான பாட்டின் மதிப்பைச் சந்தையிடம் விட்டபோது, ஏட்டில் 30 பில்லியன் டாலருக்கு மேல் இருந்தது. முன்பேர ஒப்பந்தங்களில், அதாவது பிற்பாடு ஒரு தேதியில் டாலர் தருவதாக முன்கூட்டியே போட்ட ஒப்பந்தங்களில், கொடுப்பதாக ஒப்புக்கொண்டதைக் கழித்தால் மிஞ்சியது 3 பில்லியனுக்கும் குறைவு.

பணவீக்கம், வளர்ச்சி, அரசின் பற்றாக்குறை ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆனால் அவை ஒழுங்காக இருப்பதைப் பார்த்து ஆறுதல் அடையாதீர்கள். 2006இல் அயர்லாந்தின் வரவு செலவுக் கணக்கு உபரியில் இருந்தது. அரசின் கடன் ஜிடிபியில் கால்வாசிதான். 2008 செப்டம்பர் 30 அன்று அதே அரசு, தன் வங்கிகளின் சுமார் 440 பில்லியன் யூரோ பொறுப்புகளுக்கு உத்தரவாதம் கொடுத்தது. அது ஜிடிபியைப்போல இரண்டு மடங்குக்கும் மேல்.

படி 4: அரசியலை எண்ணாக மாற்றுவது

பெரும்பாலான மாதிரிகள் இங்கேதான் மெலிந்துபோகின்றன. அரசியலை "நிலைத்தன்மை: அதிகம், குறைவு" என்று ஒரே கட்டத்தில் அடைத்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். எனக்கு இது ஏற்பில்லை. குறைந்தது நான்கு தனித்தனிக் கேள்விகளாகப் பிரித்துக் கேட்கவேண்டும்.

முதலாவது, தேர்தல் எப்போது? வளரும் நாடுகளில் தேர்தல் ஆண்டில் அரசு வங்கிகள் தனியார் வங்கிகளைவிட அதிகமாகக் கடன் கொடுக்கின்றன என்பது ஆய்வுகளில் தெளிவாகத் தெரிகிறது. இந்தியாவில் அரசு வங்கிகளின் விவசாயக் கடன் வளர்ச்சி, தேர்தல் ஆண்டில் 5 முதல் 10 சதவீதப் புள்ளி கூடியதாக ஓர் ஆய்வு கண்டது. போட்டி கடுமையாக இருந்த மாவட்டங்களில் இது இன்னும் அதிகம். இன்னொரு பக்கமும் இருக்கிறது. மூழ்கும் வங்கியை மூடும் முடிவைத் தேர்தல் முடியும்வரை தள்ளிப்போடுவார்கள். 1990களின் வளரும் நாடுகளை வைத்துச் செய்த ஆய்வில், தேர்தலுக்கு முந்தைய மாதங்களில் வங்கிகள் மூடப்படுவதும் அரசு எடுத்துக்கொள்வதும் மிகவும் அரிது, முடிந்தபின் சடசடவெனக் கூடின. ஆக, தேர்தல் நெருங்கும்போது எண்கள் அமைதியாக இருந்தால் அந்த அமைதியைக் குறைத்தே மதிப்பிடுங்கள்.

1994இல் மெக்சிகோவைப் பாருங்கள். வங்கிகள் 1991, 92இல் தனியார்மயமாகி, கடன் வெள்ளமாகப் பாய்ந்திருந்தது. மார்ச் 23 அன்று ஆளுங்கட்சி அதிபர் வேட்பாளர் கொலோசியோ சுட்டுக்கொல்லப்பட்டார். முதலீட்டாளர்கள் வெளியேறத் தொடங்கினர். நாட்டின் நாணயமான பெசோவின் மதிப்பைக் குறைத்தால் ஆகஸ்ட் தேர்தல் பாதிக்கும். எனவே டாலரில் மதிப்பிட்ட டெசோபோனோ என்ற குறுகிய காலப் பத்திரங்களை அரசு விற்றுத் தள்ளியது. புதிய அதிபர் டிசம்பர் 1 அன்று பதவியேற்றார், 20ஆம் தேதி பெசோவின் மதிப்பு குறைக்கப்பட்டது. ஆண்டு முடிவில் கையிருப்பு சுமார் 6 பில்லியன் டாலர். கட்டவேண்டிய டெசோபோனோக்கள் அதைப்போலப் பல மடங்கு. பொருளாதார எண்களில் அழுத்தம் மாதக்கணக்கில் ஏறியது. அது வெடித்த நேரத்தில் தேர்தல் அட்டவணையின் கை தெரிகிறது.

இரண்டாவது, வங்கிகள் யாருடையவை, கடன் யாருக்குப் போகிறது? பாகிஸ்தானில் 1996 முதல் 2002 வரை கொடுக்கப்பட்ட கடன்களை ஆராய்ந்தபோது, அரசியல் தொடர்புள்ள நிறுவனங்கள் மற்றவற்றைவிட 45 சதவீதம் கூடுதலாகக் கடன் வாங்கியிருந்தன. திருப்பிக் கட்டாத விகிதம் 50 சதவீதம் அதிகம். இந்தச் சலுகை முழுக்க அரசு வங்கிகளிலிருந்தே வந்தது. இதை அளக்க, வங்கிச் சொத்தில் அரசு வங்கிகளின் பங்கு, முதல் 20 கடனாளிகளின் பங்கு, வங்கி இயக்குநர் குழுவில் அரசியல்வாதிகளின் எண்ணிக்கை ஆகியவற்றைச் சேகரிக்கலாம்.

மூன்றாவது, நஷ்டத்தை ஒப்புக்கொள்ளும் துணிச்சல் யாருக்காவது இருக்கிறதா? இந்தோனேசியா, 1997 நவம்பர் 1. சர்வதேச நாணய நிதியத்துடன் போட்ட ஒப்பந்தத்தின்படி 16 வங்கிகளை அரசு மூடியது. அவற்றில் ஒன்று அதிபர் சுகார்த்தோவின் மகனுக்குச் சொந்தமானது. சில வாரங்களிலேயே அவர் வேறொரு வங்கியின் பெயரில் தொழிலைத் தொடர்ந்தார். மக்கள் இதைப் பார்த்து என்ன முடிவுக்கு வருவார்கள்? விதி எல்லோருக்கும் ஒன்றில்லை, இன்னும் எத்தனை வங்கி மூடப்படும் என்பதும் தெரியாது, சிறிய தொகைக்கு மேல் உத்தரவாதமும் இல்லை. நல்ல நிலையில் இருந்த தனியார் வங்கிகளிலும் கூட்டம் கூடியது. 1998 ஜனவரியில் எல்லா டெபாசிட்டுக்கும் உத்தரவாதம் கொடுத்த பிறகுதான் ஓரளவு மூச்சு வந்தது. மத்திய வங்கி ஆளுநர்கள் பதவிக்காலம் முடியுமுன் எத்தனை முறை மாற்றப்பட்டார்கள், மேற்பார்வை அமைப்பின் உத்தரவை அமைச்சரவை ரத்துசெய்ய முடியுமா, கூட்டணியில் எத்தனை கட்சிகள், இவையெல்லாம் இந்தக் கேள்விக்கான அளவுகள்.

நான்காவது, அரசு தன் செலவுக்கு வங்கிகளையே நம்பியிருக்கிறதா? லெபனான் இதற்கு வேதனையான சான்று. 2005க்குப் பிறகு 2017 வரை அங்கே வரவு செலவுத் திட்டமே நிறைவேறவில்லை. 2014 மே முதல் 2016 அக்டோபர் வரை அதிபரே இல்லை. 1997 முதல் டாலருக்கு 1,507.5 பவுண்டு என்று கட்டிவைத்த மதிப்பைக் காக்க, மத்திய வங்கி உயர்ந்த வட்டி கொடுத்து வணிக வங்கிகளின் டாலரை உள்ளே இழுத்தது. வங்கிகள் வெளிநாட்டில் வாழும் லெபனான் மக்களின் சேமிப்பை இழுத்தன. 2019 அக்டோபரில் போராட்டம் வெடித்ததும் வங்கிகள் இரண்டு வாரம் கதவை மூடின. திறந்தபோது மக்களின் டாலர் கணக்கில் எண் இருந்தது, கையில் கிடைக்கும் பணம் இல்லை. 2020 மார்ச்சில் அரசு தன் கடனைக் கட்டத் தவறியது. வங்கிச் சொத்தில் அரசிடமும் மத்திய வங்கியிடமும் இருக்கும் பங்கு பாதியைத் தாண்டினால், அந்த நாட்டின் வங்கிகளையும் கஜானாவையும் ஒரே நோயாளியாகவே பாருங்கள்.

இன்னொரு ஆச்சரியமான கண்டுபிடிப்பையும் சேர்த்துக்கொள்ளலாம். வளரும் நாடுகளில் அரசின் செல்வாக்கு மக்களிடம் திடீரென ஏறுவது, கடன் பெருக்கத்துக்கும் மேலாக, நெருக்கடியை முன்னறிவிக்கிறது. செல்வாக்கு கூடும் அரசுக்குக் கடன் பெருக்கம் தரும் கொண்டாட்டத்தை நிறுத்த மனம் வராது என்பது இதற்குத் தரப்படும் விளக்கம்.

இத்தகைய தகவல்களுக்கு அரசியல் நிறுவனங்களின் தரவுத்தளம், ஜனநாயகத்தின் பல கூறுகளை அளக்கும் கோத்தன்பர்க் பல்கலைக்கழகத்தின் வி-டெம் தரவுத்தளம் ஆகிய இரண்டும் உதவும். தேர்தல் தேதி, கூட்டணியின் அளவு, நீதித்துறைச் சுதந்திரம் எல்லாம் ஆண்டுவாரியாகக் கிடைக்கும்.

படி 5: மாதிரியைக் கட்டுவது

எளிமையாகத் தொடங்குங்கள். ஒவ்வொரு குறியீட்டுக்கும் ஓர் எல்லை வையுங்கள், தாண்டினால் மணி அடிக்கட்டும். எத்தனை நெருக்கடிக்கு முன் அடித்தது, எத்தனை அமைதியான ஆண்டில் வீணாக அடித்தது என்று எண்ணுங்கள். இது புரிந்தபின், பல குறியீடுகளைச் சேர்த்து நெருக்கடியின் வாய்ப்பைச் சதவீதமாகக் கணக்கிடும் லாஜிட் மாதிரிக்குப் போகலாம். அதில் ஒரு முக்கியமான வேலை, அரசியல் குறியீடுகளைக் கடன் இடைவெளியோடு பெருக்கிச் சேர்ப்பது. கடன் அடங்கியிருக்கும்போது தேர்தல் வந்தால் பெரிதாக ஒன்றும் நடக்காது. இடைவெளி 12 புள்ளியில் நிற்கும்போது வரும் தேர்தல் வேறு விஷயம்.

இயந்திரக் கற்றல் முறைகளையும் முயன்று பார்க்கலாம். அவற்றிலும் முன்னுக்கு வருபவை கடன் வளர்ச்சியும், குறுகிய கால வட்டிக்கும் நீண்ட கால வட்டிக்கும் உள்ள வித்தியாசமும்தான். ஆனால் 151 நெருக்கடி என்பது கணினிக்கு மிகச் சிறிய எண். இருபது, முப்பது குறியீடுகளைக் கொட்டினால் அது பழையதை மனப்பாடம் செய்துவிடும். சோதனையைக் கால வரிசைப்படியே செய்யுங்கள். 1995 வரை கற்றுக்கொடுத்து, 1996 முதல் 2000 வரை கேளுங்கள். அப்புறம் 2000 வரை கற்றுக்கொடுத்து அடுத்ததைக் கேளுங்கள்.

படி 6: வீண் மணிகளைக் கணக்கில் எடுப்பது

100 நாடுகள், அடுத்த மூன்றாண்டில் 7 இடத்தில் நெருக்கடி என்று வைத்துக்கொள்வோம். உங்கள் மாதிரி அந்த 7இல் 5ஐப் பிடிக்கிறது. மீதி 93 அமைதியான நாடுகளில் 15 சதவீதத்துக்குத் தவறாக மணி அடிக்கிறது, அதாவது 14 நாடுகள். மொத்தம் 19 மணி, உண்மையானவை 5. மணி அடித்த நாட்டில் நெருக்கடி வரும் வாய்ப்பு 26 சதவீதம்தான். நான்கில் மூன்று தடவை நீங்கள் தப்பாகத் தெரிவீர்கள்.

அதனால் பயனில்லை என்று ஆகிவிடாது. மணி அடிக்காத 81 நாடுகளில் 2 இடத்தில்தான் நெருக்கடி, 2.5 சதவீதம். இரண்டு கூட்டத்துக்கும் இடையே பத்து மடங்கு வித்தியாசம். வங்கிகளிடம் கொஞ்சம் கூடுதல் மூலதனம் கேட்பதற்கு ஆகும் செலவையும், நெருக்கடி வந்தால் மக்கள் இழக்கும் வேலையையும் சேமிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், 26 சதவீதம் மிகப் பெரிய எண்.

படி 7: எண்ணுக்குப் பின்னால் போய்ப் பார்ப்பது

மணி அடித்த நாடுகளை மட்டும் எடுத்துக்கொண்டு, அங்குள்ள பெரிய ஐந்து வங்கிகளின் ஆண்டறிக்கையைத் திறங்கள். வாராக்கடன் விகிதம் குறைவாக இருக்கிறதா? கடன் வேகமாக வளரும்போது வகுக்கும் எண் பெரிதாவதால் அந்த விகிதம் தானாகவே குறைவாகத் தெரியும். வருமானமாகக் காட்டப்பட்டும் கைக்கு வராத வட்டி ஆண்டுதோறும் ஏறுகிறதா என்று பாருங்கள். பழைய கடனின் வட்டியைக் கட்ட அதே ஆளுக்குப் புதுக்கடன் கொடுக்கும் பழக்கம் அங்கேதான் தடயம் விடும். தணிக்கையாளர் திடீரென விலகியது, அறிக்கை தாமதமானது, மேற்பார்வை விதியில் "தற்காலிகத் தளர்வு" மூன்றாம் முறை நீட்டிக்கப்பட்டது, இவற்றை எந்த மாதிரியும் பார்க்காது.

கடன் பெருக்கமே இல்லாமல் வரும் அபாயமும் உண்டு. 2023 மார்ச் 9 அன்று அமெரிக்காவின் சிலிக்கான் வேலி வங்கியிலிருந்து ஒரே நாளில் 42 பில்லியன் டாலரை வாடிக்கையாளர்கள் எடுத்தார்கள். மறுநாள் வங்கி மூடப்பட்டது. வட்டி ஏறியதால் அதன் பத்திரங்கள் மதிப்பிழந்திருந்தன, டெபாசிட்டில் 90 சதவீதத்துக்கு மேல் காப்பீட்டு வரம்புக்கு வெளியே இருந்தது. ஆகவே காப்பீடு இல்லாத டெபாசிட்டின் பங்கையும், முதிர்வுவரை வைத்திருப்பதாகச் சொல்லும் பத்திரங்களின் இன்றைய சந்தை மதிப்பையும் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவும் முடிந்தபின் கணிப்பை ஒரு பக்கத்தில் எழுதுங்கள். தேதி, நாடு, மூன்றாண்டுக்கான வாய்ப்பு சதவீதத்தில், அதைக் கூட்டிய முக்கியமான மூன்று எண்கள், அடுத்த தேர்தல் எப்போது, எது நடந்தால் வாய்ப்பைக் குறைப்பீர்கள். காலாண்டுக்கு ஒருமுறை அதே பக்கத்தைத் திறந்து, பழைய எண்ணை அழிக்காமல், கீழே புதியதை எழுதுங்கள்.